ஒலியை முந்தாத தோட்டா: .22 ரைஃபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் மாவட்டத்துக்காரரான ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றதற்குப் பிறகு, தில்லியில் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து, பிள்ளையை ஏர் ரைஃபிளிலிருந்து, அந்த 50 மீட்டர் போட்டியில் சுடும் .22 ரைஃபிளுக்கு மாற்றலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். மாற்றிய பிறகு அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த வெடிமருந்து போட்ட தோட்டா நல்லது? துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் தளத்தில் பல ஆண்டுகள் சுட்டவன் என்ற முறையில், இந்தக் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது என்பதை அவர்களுக்கு அக்கறையோடு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்கள் பேசும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி வருகிறது. அவர்கள் பேசுவது பெரிய ரைஃபிள்களைப் பற்றி. அந்தத் தோட்டாக்களின் கூடு, அதாவது மருந்தை அடைத்திருக்கும் உலோக உறை, பெரியது. குண்டை ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டுமானால் மருந்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கூட்டுக்குள் வெற்றிடம் மிஞ்சும். துப்பாக்கியைத் தூக்கும்போதும் சாய்க்கும்போதும் அந்தச் சிறிதளவு மருந்து முன்னும் பின்னும் நகர்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு விதமாகப் பற்றிக்கொள்ளும். எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அங்கே அவ்வளவு பெரிய விவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அழுத்தம் போதாமல் குண்டு பேரலுக்குள்ளேயே (துப்பாக்கிக் குழலுக்குள்) சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதில் உண்டு. நமக்கு இந்த விவாதம் பொருந்தாது. .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால், சுடும்போது அந்த விளிம்பு நசுங்கி, கூடு மறுபயன்பாட்டுக்கு உதவாமல் போகிறது. அதைவிட முக்கியமாக, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உரிய உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். சுடுவதற்கான உரிமம் கையில் இருப்பதாலேயே தயாரிக்கும் உரிமையும் வந்துவிடுவதில்லை. ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொழிற்சாலைக்காரர்களுடையது. நமக்கு உள்ள தேர்வு, அவர்கள் அனுப்பும் டப்பாக்களில் எந்த லாட், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரித்து ஒரே எண் இட்ட தோட்டாக்கள், நம் பேரலுக்கு ஒத்துப்போகிறது என்பது மட்டுமே. இனி சொல்லும் தவறுகள் எல்லாம் இதை மறப்பதால் வருபவை.

வேகம் கூடினால் குறி கூடும் என்ற நம்பிக்கையை முதலில் விட வேண்டும். போட்டிக்கென்று செய்யப்படும் .22 தோட்டாவின் குண்டு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயம். அது பேரலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 325 முதல் 331 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பநிலையில் நொடிக்கு 343 மீட்டர். அதற்குச் சற்றுக் கீழே வேகத்தை நிறுத்தியிருப்பது சிக்கனத்துக்காக அன்று. அதிவேகத் தோட்டா என்று விற்கப்படுபவை 380 மீட்டர் அளவில் புறப்பட்டு, இலக்கை நோக்கிப் போகும் வழியிலேயே ஒலியின் வேகத்துக்கு இறங்கி வருகின்றன. அந்த எல்லையை ஒட்டிய வேகங்களில் காற்றின் தடை மிகவும் அதிகம். பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது, குண்டு காற்றில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை விட, காற்றின் தடையால் அது எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் விரைவாகப் போகும் .22 குண்டு மெதுவானதைக் காட்டிலும் அதிகமாக ஒதுங்குகிறது. இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. வசந்த காலத்தில் பிற்பகல் காற்று வீசும்போது இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

இதில் தில்லிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். மே மாதத்தில் 42 டிகிரி வெயிலில் அது நொடிக்கு 356 மீட்டருக்கு அருகில் இருக்கும்; ஜனவரி காலை 5 டிகிரியில் 334 மீட்டராக இறங்கிவிடும். கோடையில் 25 மீட்டர் இடைவெளி இருந்த இடத்தில் குளிர்காலத்தில் மூன்று நான்கு மீட்டர்தான் மிஞ்சுகிறது. குளிரில் மருந்தும் சற்று மந்தமாக எரிவதால் பெரும்பாலான குண்டுகள் எல்லைக்குள் இருந்துவிடும். ஆனால் வேகம் சீராக இல்லாத லாட்டில் ஒன்றிரண்டு மட்டும் எல்லையைத் தாண்டிப் போகும். காதுக்கவசத்தையும் மீறி, மற்றவற்றிலிருந்து வேறுபட்டு ‘சடக்’கென்று வெட்டினாற்போல ஒரு சத்தம் கேட்டால், அந்தக் குண்டு எங்கே விழுந்தது என்று உடனே திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கோடையில் சோதித்த லாட்டை அப்படியே நம்பி ஜனவரிப் போட்டிக்குப் போவது நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

டப்பாவின் மேல் ‘சப்சோனிக்’ (ஒலியை விட மெதுவானது) என்று அச்சிட்டிருந்தால் போட்டிக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்வதும் சரியன்று. அந்தப் பெயரில் வருபவற்றில் பல, வேட்டைக்காக முனையில் குழி வைத்துச் செய்யப்பட்டவை. 60 கிரெயின் எடையுள்ள நீண்ட குண்டு கொண்டவையும் உண்டு. நம் போட்டி ரைஃபிள்களின் பேரலின் உட்புறத்தில் குண்டைச் சுழற்றும் வரிகள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் வெட்டப்பட்டிருப்பதால், அந்த நீண்ட குண்டுக்குப் போதிய சுழற்சி கிடைக்காமல், அது தள்ளாடிப் போய்த் தாளில் பக்கவாட்டாக விழுந்து சாவித்துளை போன்ற ஓட்டையை உண்டாக்கும். ‘ஸ்டாண்டர்டு’ என்றோ ‘மேட்ச்’ என்றோ குறிக்கப்பட்ட 40 கிரெயின் தோட்டாவே நமக்கு உரியது.

இனி லாட் விஷயம். எல்லாவற்றிலும் கனமானது இதுதான். ஈலி (Eley), லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த தோட்டாவாக இருந்தாலும், ஒரே பெயரில் வரும் இரண்டு லாட்டுகள் ஒரே பேரலில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. மருந்தின் தொகுதி, பற்றவைக்கும் கலவை, மெழுகு, இயந்திரத்தின் தேய்மானம் என ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு பெண் குழந்தை, பதினாறு வயது, இரண்டு டப்பாக்களை மேசைமேல் வைத்து, “ரெண்டும் ஒண்ணுதானே மாமா, ஏன் இதுல மட்டும் எனக்கு ஒன்பது ஒன்பதா விழுது?” என்று கேட்டாள். நிறம், பெயர், விலை எல்லாம் ஒன்றே. டப்பாவின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவளுடைய தந்தை வேறொரு வீரருக்கு அந்த லாட் நன்றாக வந்தது என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி ஐயாயிரம் தோட்டாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். விற்றவரும் அது எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தும் என்று உறுதி சொல்லியிருந்தார். அப்படி எல்லாப் பேரலுக்கும் பொருந்தும் லாட் எதையும் நான் பார்த்ததில்லை. முதலில் ஒவ்வொரு லாட்டிலும் இரண்டொரு டப்பா வாங்கிச் சோதித்து, ஒத்துவந்ததை மட்டும் மொத்தமாக வாங்க வேண்டும். (கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் இதே கதைதான், அங்கே பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக் குண்டின்) தலை 4.49 மில்லிமீட்டரா 4.50 மில்லிமீட்டரா என்பதிலிருந்தே தேடல் தொடங்கிவிடும்.)

சோதிப்பதிலும் அவசரம் கூடாது. ஐந்து தோட்டா சுட்டு, ஒரே ஓட்டையாக விழுந்துவிட்டது என்று மகிழ்ந்து முடிவெடுப்பவர்கள் அடுத்த வாரமே ஏமாறுகிறார்கள், ஏனென்றால் சுமாரான லாட்டும் எப்போதாவது ஒரு நல்ல ஐந்தைத் தந்துவிடும். பத்துப் பத்தாக, குறைந்தது நான்கு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் தொகுதி), முடிந்தால் ரைஃபிளை இயந்திரப் பிடியில் பொருத்திச் சுட வேண்டும். நான்கில் சிறந்ததைப் பார்க்காமல் மோசமானதைப் பார்த்து மதிப்பிட வேண்டும். வேகம் சீராக இருக்கிறதா என்பதும் தாளிலேயே தெரியும். 50 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. இரண்டு குண்டுகளுக்கு இடையே வேகம் நொடிக்கு 10 மீட்டர் வேறுபட்டால், அந்த இறக்கம் 7 மில்லிமீட்டருக்கு மேல் மாறிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். குரூப் அகலத்தில் சிறியதாகவும் உயரத்தில் நீண்டும் இருந்தால், மூச்சையும் பிடியையும் பழிப்பதற்கு முன் தோட்டாவைச் சந்தேகிக்கலாம்.

ஒரு லாட்டிலிருந்து, குறிப்பாக ஒரு நிறுவனத்திலிருந்து, இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பதினைந்து இருபது தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஈயக் குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு விரலில் ஒட்டுவதைத் தொட்டாலே உணரலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் மெழுகும் வேறு. பழைய பூச்சு பேரலிலிருந்து நீங்கிப் புதியது படியும் வரை குண்டுகள் அலைந்துகொண்டுதான் இருக்கும். அந்த மெழுகின் பொருட்டே, மே மாதத்தில் டப்பாவைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. உருகி வழிந்த மெழுகு கூட்டின் வாயில் படிந்து, தூசியையும் பிடித்துக்கொண்டு, அப்படியே பேரலுக்குள் போகும்.

கடைசியாக, சத்தம் பற்றிய ஒரு தவறு இருக்கிறது. இது மட்டும் மதிப்பெண்ணோடு நிற்காது. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், பேரலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, அரை நிமிடமாவது பொறுத்து, பிறகே போல்ட்டை (தோட்டா போடும் இடத்தை மூடும் பாகத்தை) திறக்க வேண்டும். வழக்கத்தை விட மெலிந்து ‘புஸ்’ஸென்று வெடித்துத் தாளில் குண்டு விழாவிட்டால், அது பேரலுக்குள் சிக்கியிருக்கக்கூடும், அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளாமல் கையைத் தூக்கி ரேஞ்ச் அதிகாரியை அழைக்க வேண்டும். மாவலங்கர் போட்டியில் தேசியப் போட்டிக்கான தகுதி ஒரு புள்ளி தொலைவில் இருக்கும்போதும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் கூட, கையைத்தான் தூக்க வேண்டும்.