கோடு போட்டால் நகரம் நின்றுவிடுமா? நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரம் வயலையும் ஏரியையும் விழுங்கிக்கொண்டே போகிறது என்ற கவலை வந்ததும் திட்ட அலுவலகங்கள் முதலில் செய்வது, வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பது. இதற்கு அப்பால் கட்டடம் கூடாது என்கிறார்கள். கோடு தேவைதான். ஆனால் வெளியே கட்டவிடாமல் தடுத்துவிட்டு, உள்ளேயும் கட்ட இடம் கொடுக்காமல் இருப்பதுதான் இந்தத் துறையின் ஆகப் பெரிய தவறு என்பேன். நகரத்துக்கு வேலை தேடி வருகிறவர்கள் எங்காவது குடியிருந்துதானே ஆக வேண்டும்?

தென்கொரியாவின் சியோல் நகரைச் சுற்றி 1971-இல் பசுமை வளையம், அதாவது கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள நிலப்பட்டை, அறிவிக்கப்பட்டது. மலைச்சரிவுகளும் காடுகளும் பெருமளவு தப்பின. ஆனால் வீட்டுத் தேவை குறையவில்லை. 1989-இல் அரசு புதிய நகரங்களை அறிவித்தபோது புந்தாங், இல்சான் போன்றவை வளையத்தைத் தாண்டிப்போய் அமைந்தன. அங்கே குடியேறியவர்களில் பலர் தினமும் அந்தப் பசுமையைக் கடந்து சியோலுக்கு வேலைக்கு வந்தார்கள். காடு பிழைத்தது, பயணம் நீண்டது.

நகரம் பரவுவதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1973-இல் சட்டம் இயற்றியது. அதன்படி போர்ட்லாண்ட் வட்டாரத்துக்கு 1979-இல் எல்லை வகுத்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளுக்குப் போதுமான நிலம் எல்லைக்குள் இருக்கிறதா என்று அவ்வப்போது கணக்குப் பார்க்கவும் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடு. அப்படியிருந்தும், ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்ற விதி உள்ளே பல பகுதிகளில் நெடுங்காலம் நீடித்தது. 2019-இல்தான் மாநிலமே தலையிட்டு, பெரிய நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளில் நான்கு வீடுகள் வரை சேர்ந்த கட்டடங்களுக்கு வழிவிட்டது. எல்லைக் கோட்டையும் உள்ளுக்கான தளர்வையும் ஒரே நாளில் அறிவித்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டு இடைவெளி ரொம்ப அதிகம்.

உள்ளே அடர்த்தி வேண்டும் என்றதும் பலர் பயப்படுவது வானுயர்ந்த கோபுரங்களை நினைத்து. அது தேவையே இல்லை. பாரிஸ் நகரில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர் வசிக்கிறார்கள். கட்டடங்களில் பெரும்பாலானவை ஆறு, ஏழு மாடிதான். தெருவை ஒட்டி, இடைவெளி விடாமல், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டியதால் வந்த அடர்த்தி அது. நாலு பக்கமும் கட்டாய இடைவெளி, வீடு தனியாகக் கடை தனியாக என்று வகைப்படுத்தும் விதிகள் இதைத் தடுக்கின்றன. பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டிய நிலை அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம் வாகன நிறுத்தம். இது யாரும் சண்டை போடாத விதி, ஆனால் சத்தமில்லாமல் நிலத்தைத் தின்கிற விதி. ஒரு கார் நிற்க 12 முதல் 15 சதுர மீட்டர் போதும். அது உள்ளே வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்தால் 25-இலிருந்து 30 சதுர மீட்டர் ஆகிவிடும். 60 சதுர மீட்டர் வீட்டுக்கு இரண்டு கார் இடம் கட்டாயம் என்றால், குடும்பத்துக்கு ஒதுக்கிய அளவு பரப்பு கார்களுக்கும் போகிறது. அந்தச் செலவும் வீட்டு விலையில்தான் ஏறும், கார் இல்லாதவர் தலையிலும் விழும். குறைந்தபட்ச அளவைக் கட்டாயமாக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சாலையை முதலில் போட்டுவிட்டுத் திட்டத்தைப் பிறகு யோசிப்பதும் கூடாது. புறவழிச்சாலை திறந்த கையோடு இருபுறமும் மனைப்பிரிவுகள் முளைத்துவிடும். கோபன்ஹேகன் 1947-இல் வேறு மாதிரி யோசித்தது. ரயில் பாதைகளை ஒட்டி விரல்கள்போல நகரம் நீளட்டும், விரல்களுக்கு இடையே பசுமை இருக்கட்டும் என்று வரைந்தார்கள். எங்கே வளரக்கூடாது என்பதோடு எங்கே வளரலாம் என்பதையும் அந்தத் திட்டம் சொன்னது.

நீர்நிலை விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் நுணுக்கமானது. வரைபடத்தில் ஏரிக்கு நீல வண்ணம் அடிப்பார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை விட்டுவிடுவார்கள். வாய்க்கால் சில அடி அகலம்தான் இருக்கும், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு புல் மண்டிக் கிடக்கும். கோடையில் அளக்க வருகிறவருக்கு அது வெறும் பள்ளம். அதன் மேல் மண் கொட்டி, மனைப்பிரிவுக்குச் சாலை போட்டு, அடியில் ஒரு சிறு குழாய் பதிப்பார்கள். அடுத்த பெருமழையில் குழாய் திணற, தண்ணீர் வீடுகளுக்குள் புகும், ஏரியோ நிரம்பாது. ஆகவே காப்பாற்ற வேண்டியது நீர்ப்பிடிப்புப் பகுதி, வரத்து வாய்க்கால், உபரிநீர் போகும் வழி, வெள்ளம் பரவும் தாழ்நிலம் எல்லாம் சேர்ந்த முழுத் தொடரை. பிரேசிலின் குரிடிபா நகரம் 1970-களிலேயே ஆற்றோரத் தாழ்நிலங்களைப் பூங்காக்களாக மாற்றியது. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பூங்காதான்.

இவ்வளவும் சரியாக எழுதிய திட்டத்தையும் விதிவிலக்குகள் கரைத்துவிடும். வயலை வீட்டுமனை என்று மாற்றிக்கொடுப்பது போன்ற ஒவ்வொரு நிலவகை மாற்றமும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். அனுமதியில்லாத மனைகளை அபராதம் வாங்கிக்கொண்டு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரன்முறை செய்தால், அடுத்த சுற்றும் வரும் என்று நம்பி மனை போடுவார்கள். ஏற்கெனவே குடியேறிய ஏழைகளுக்குக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் கொடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மனை பிரித்து விற்றவரை அதே கணக்கில் சேர்க்கக் கூடாது. வசதிகளுக்கு ஆகும் செலவை அவரிடமே வசூலிக்க வேண்டும். நிலவகை மாற்ற விண்ணப்பம் ஒவ்வொன்றும் முடிவெடுக்கும் முன்பே வரைபடத்தோடு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.