பிள்ளை பெற்றபின் போடாக்ஸ் ஊசி: எப்போது போடலாம், எப்படி நாள் பார்ப்பது

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகிறது, பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், புருவத்துக்கு நடுவில் கோடு விழுந்துவிட்டது, போடாக்ஸ் போடலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான். இப்போது வேண்டாம், ஆனால் அந்த ஊசிக்காகப் பாலையும் நிறுத்தாதீர்கள்.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் கைக்குழந்தையோடு வருகிறார்கள், அளவு எடுக்க எதிரே நிற்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கா உங்களுக்கு அந்த ரெண்டு கோடு இருந்துச்சே, எங்கே போச்சு என்று கேட்டுவிடுகிறார்கள். ஊசி போட்டேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுவேன். என் இரண்டாவது பிள்ளை பால்குடி மறந்து மூன்று மாதம் கழித்துத்தான் போட்டேன், அதையும் சேர்த்தே சொல்வேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் கோயம்புத்தூரில் தோல் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் வீட்டிலேயே நடந்த ஒரு தப்பையும் வைத்து இதை எழுதுகிறேன்.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சித்தி மகள், பிள்ளைக்கு ஆறாவது மாதம் சோறு ஊட்ட நாள் குறித்திருந்தார்கள், அதற்கு முகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று பக்கத்து டவுனில் ஒரு அழகு நிலையத்தில் போய் ஊசி போட்டுக்கொண்டாள். பால் கொடுக்கிறாயா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் பிள்ளையைக் கிட்டே விடாமல் பாலைப் பிழிந்து கீழே ஊற்றினாள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல் மாதிரி ஆகி, தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ச்சல். பாட்டில் பழகாத பிள்ளை ராத்திரி முழுக்கக் கத்தித் தீர்த்தது. கோடு போனதா என்று யாரும் கண்ணாடியைப் பார்க்கக்கூட இல்லை. இவ்வளவும் தேவையில்லாமல் பட்ட பாடு, அது ஏன் என்று புரிய இந்த ஊசி என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பு தசைக்குச் 'சுருங்கு' என்று சொல்வது அசிட்டைல்கோலின் என்ற ஒரு வேதிப்பொருள் மூலமாக. போடாக்ஸில் இருக்கும் போட்டுலினம் நச்சை மிகக் குறைந்த அளவில் தசைக்குள் போட்டால் நரம்பு நுனியிலிருந்து அந்தப் பொருள் வெளியே வருவது நின்றுவிடும், தசை தளரும், மேலே இருக்கும் தோலில் மடிப்பு விழாது. போட்ட 3, 4 நாளில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், முழுசாகத் தெரிய 2 வாரம், 3, 4 மாதத்தில் பழையபடி ஆகிவிடும். புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்காவில் 2002ல் அனுமதி கொடுத்தபோது குறித்த அளவு 5 இடத்தில் மொத்தம் 20 யூனிட். பக்கவாதத்தால் கை இறுகிப்போனவர்களுக்கு இதே மருந்தை நூற்றுக்கணக்கான யூனிட் போடுகிறார்கள், அதோடு பார்த்தால் முகத்துக்குப் போடுவது கொஞ்சம்தான். மருந்தின் மூலக்கூறும் பெரியது, போட்ட தசையோடு தங்கிவிடுவது, ரத்தத்தில் கலந்து பாலுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. பிறகு ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்றால், பால் கொடுக்கும் தாய்மாரிடம் செய்த ஆய்வு விரல்விட்டு எண்ணும் அளவுதான், மருந்தோடு வரும் தாளிலேயே பாலில் வருமா என்று தெரியாது என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்தாக இருந்தால் துணிந்து போடலாம். இது கோடு. நாலு மாதமோ ஒரு வருடமோ அந்தக் கோடு அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது.

மருந்து தசையோடு தங்கிவிடுகிறது என்ற அதே காரணத்தால்தான் பாலைப் பிழிந்து கொட்டுவதிலும் அர்த்தமில்லை. ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிட்டால் காலைக்குள் உடம்பைவிட்டுப் போய்விடும் என்கிற கணக்கு இதற்கு ஒத்துவராது, இது மாதக்கணக்கில் அந்தத் தசைக்குள் வேலை செய்வது, இரண்டு நாள் பாலைக் கொட்டி எதைத் தடுக்கப்போகிறோம்? தெரியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர் வேறு மாதிரி சொன்னால் ஒழிய, பால் கொடுத்துக்கொண்டே இருங்கள். பிள்ளைக்குச் சப்புகிற வேகம் குறைவது, அழுகைச் சத்தம் மெலிவது, கண் இமை தொங்குவது, கழுத்து துவள்வது, திடீரென்று மலச்சிக்கல், இதில் எது தெரிந்தாலும் ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இங்கே இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். நம் பக்கம் பிறந்த பிள்ளைக்கு வசம்பை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிற வழக்கம் இருக்கிறது, பாலக்காட்டுக்காரர்கள் வயம்பும் தேனும் என்பார்கள். போடாக்ஸ் எந்தக் கிருமியிலிருந்து வருகிறதோ அதே கிருமியின் வித்து தேனில் இருக்கலாம், ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடலில் அது முளைத்து நச்சைக் கக்கும். அம்மாவின் நெற்றி ஊசிக்குப் பதறுகிற வீட்டில் அம்மிச்சி (பாட்டி) தேன் கிண்ணத்தோடு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வயது வரை தேன் வேண்டவே வேண்டாம்.

சரி, நாள் பார்ப்பதற்கு வருவோம். பிரசவத்திலிருந்து இத்தனை மாதம் என்று காலண்டரில் எண்ணாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது கிடையாது, அதில் பேச்சே இல்லை. கர்ப்பம் என்று தெரியாமலே போட்டுவிட்டு அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனவர்கள் உண்டு. பயப்படவேண்டாம், அப்படிப் பதிவான கர்ப்பங்களில் பெரிய பிறவிக்குறை வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியவில்லை, பிரசவ டாக்டரிடம் தேதியைச் சொல்லிவிட்டு, மறுபடி போடாமல் இருந்தால் போதும்.

பிரசவம் ஆன முதல் மூன்று மாதம், பால் கொடுக்காதவர்களுக்கும்கூட, வேண்டாம் என்பேன். முகம் இன்னும் உங்கள் முகமாக ஆகியிருக்காது. நீர் கோத்திருக்கும், தூக்கம் இல்லாமல் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும், கன்னத்தில் மங்கு படிந்திருக்கும், இதைத்தான் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கரிமங்கல்யம் என்கிறார்கள். மங்குக்கும் கருவளையத்துக்கும் இந்த ஊசி ஒன்றும் செய்யாது, ஆனால் முகம் வாடியிருக்கிறது என்று நினைத்து வருகிற பாதிப்பேருக்குப் பிரச்சினை அந்த இரண்டும்தான். இன்னொரு காரணம், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவம் ஆன புதிதிலும் முகவாதம் வர வாய்ப்பு அதிகம், ஒரு பக்கம் வாய் கோணி, கண் மூடாமல் போகும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அப்படி வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அந்த முகத்தில் எப்போது, எவ்வளவு போடுவது என்பதே வேறு கணக்கு. தைராய்டும் இந்தச் சமயத்தில் ஏறி இறங்கும், உடம்பு அசதியும் முடி கொட்டுவதும் நிற்காவிட்டால் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மூட்டை முடி கொட்டினாலும் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் திரும்பிவிடும்.

பால் கொடுக்கும் காலம்தான் நீளமானது. 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்குமேல் உணவோடு சேர்த்து 2 வயதுவரையும் அதற்குமேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவரை காத்திருக்க முடியாது என்று தோன்றினால் தப்பில்லை, அந்த ஆசையில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அதைத் தோல் டாக்டரிடமும் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடமும் வெளிப்படையாகக் கேட்டு முடிவெடுங்கள். பிள்ளை சாதம், பருப்பு எல்லாம் சாப்பிட்டு, ராத்திரி ஒருவேளை மட்டும் பால் குடிக்கிற நிலையில் சில டாக்டர்கள் குறைந்த அளவில் போடச் சம்மதிப்பார்கள், சிலர் முடியாது என்பார்கள். முடியாது என்கிற டாக்டர்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்யும்.

பால்குடி மறக்கவைப்பது பிள்ளைக்காகவும் உங்களுக்காகவும் இருக்கட்டும், ஊசி தேதிக்காக இருக்கவேண்டாம். ஒரே நாளில் வேப்பெண்ணெய் தடவி நிறுத்துவது பழைய வழி, என் மூத்தவனுக்கு அப்படிச் செய்து இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். சின்னவளுக்குப் பகலில் ஒருவேளையை முதலில் விட்டு, நாலைந்து நாள் கழித்து அடுத்ததை விட்டு, தூங்கவைக்கும் பாலைக் கடைசியாக விட்டேன், ஒன்றரை மாதம் பிடித்தது, மார்பு ஒருநாளும் கட்டவில்லை. அப்புறம் மாதவிலக்கு ஒழுங்காக இரண்டு முறை வரட்டும். இது எழுதிவைத்த சட்டம் இல்லை, என் கணிப்பு, அதற்குள் முகத்து நீர் வடிந்து, தூக்கமும் கொஞ்சம் திரும்பி, எந்தக் கோடு நிஜமானது என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். எனக்கு நெற்றியில் இருந்தது தானாகவே மறைந்தது, புருவ நடு இரண்டு கோடு மட்டும் நின்றது. அடுத்த பிள்ளை உடனே வேண்டும் என்றால் தள்ளிப்போடுங்கள், இல்லை போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கும் கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 3 மாத இடைவெளி வையுங்கள்.

காத்திருக்கிற நாளில் சும்மா இருக்கவேண்டியதில்லை. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் கண்ணைச் சுருக்கவைக்கும், ஸ்கூட்டியில் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் பால் கொடுக்கும்போதும் பூசலாம், காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. ரெட்டினால், டிரெட்டினாயின் வகைக் களிம்பும், மங்குக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுவினோனும் கடையில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள், பிள்ளை கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் தூங்கும். ஊசிக்கு முன்னால் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஊசியில் நூல் கோக்கப் புருவத்தை நெரித்து நெரித்தே எனக்குக் கோடு விழுந்தது, கண்ணாடி போட்ட பிறகு பாதி நெரிப்பு நின்றுவிட்டது.

விசேஷத்துக்காகப் போடுகிறீர்கள் என்றால் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி நாலு வாரம் எண்ணுங்கள். முழுப் பலன் தெரிய 2 வாரம், அப்போது டாக்டரிடம் காட்டி ஒரு பக்கம் ஏறியிருந்தால் சரிசெய்யலாம், ஊசி குத்திய இடத்தில் நீலம் பாய்ந்திருந்தாலும் அதற்குள் மறையும். தையில் கல்யாணம் என்றால் மார்கழி முதல் வாரம். முதல்தடவை போடுகிறவர்கள் பெரிய விசேஷத்தையே குறியாக வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, அரிதாகச் சிலருக்கு இமை தொங்கிச் சில வாரம் அப்படியே இருக்கும்.

எம்.டி. அல்லது டிப்ளமோ முடித்த தோல் டாக்டர், இல்லை பிளாஸ்டிக் சர்ஜன், இவர்களிடம் மட்டும் போங்கள். குப்பியை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லி மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பாருங்கள், போன் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து அது, மேஜை டிராயரிலிருந்து எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். போடாக்ஸ் யூனிட்டும், டிஸ்போர்ட் என்று வேறு பெயரில் வரும் இதே வகை மருந்தின் யூனிட்டும் ஒன்றில்லை, அதனால் எண்ணை வைத்து விலை பேசாதீர்கள். பசும்பால் புரத ஒவ்வாமை இருப்பவர்களுக்கு டிஸ்போர்ட் ஆகாது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ ஆஸ்பிரினோ எடுத்திருந்தால், ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் போட்டிருந்தால், தசை பலவீனம் வரும் மயஸ்தீனியா போன்ற நோய் குடும்பத்திலேயே இருந்தாலும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஊசி போடும் நாளில் நான் செய்த ஒரு நல்ல காரியம், ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனது. ஹெல்மெட் நெற்றியை அழுத்தும். நாலு மணி நேரம் படுக்கக்கூடாது, குனிந்து மாவாட்டக்கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது, அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் ஃபேஷியலும் கிடையாது. வீட்டில் பேறுகால உடம்பு என்று இன்னும் எண்ணெய் தேய்த்துவிடும் அத்தையோ சித்தியோ இருந்தால் முன்னமே சொல்லிவையுங்கள். சின்னப் பிள்ளை இருக்கிறவர்கள் சாயந்திரம் போடுவதைவிடக் காலையில் போடுவது நல்லது. என் சின்னவள் தூங்கும்போது என் புருவத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே தூங்குவாள். அன்று ராத்திரி அவளை அவள் அப்பாவிடம் படுக்கவைத்தேன். விழுங்கச் சிரமமோ, குரல் மாறுவதோ, மூச்சுத் திணறலோ வந்தால் அது போட்ட ஒரு வாரம் கழித்து வந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், மிக அரிது, ஆனாலும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சித்தி மகளுக்குக் காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது, பிள்ளையை மறுபடி மார்பில் போட்டுத்தான் பால் கட்டு கரைந்தது. இப்போது அவள் பிள்ளைக்கு ஒன்றரை வயது, ராத்திரிப் பால் இன்னும் ஓடுகிறது. போன வாரம் கடைக்கு வந்தவள் கண்ணாடிமுன் நின்று நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் சித்திரைக்கு மேல் பார்க்கலாம் அக்கா என்றாள். சரி என்று சொல்லிவிட்டு அவள் ரவிக்கைக்கு அளவு எடுத்தேன், பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் கொக்கி வைத்து.