வினையூக்கிக் குளிசையை நசுக்கிப் பார்ப்பது எப்படி

சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் கலனுக்குள் கொட்டும் வினையூக்கிக் குளிசைகள் (இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும் சிறு கட்டிகள்) மேலே கிடக்கும் பாரத்தைத் தாங்காமல் பொடிந்தால், அந்தத் தூள் இடைவெளிகளை அடைத்துப் பாய்ச்சலையே தடுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்கிறோம்.

கொழும்பில் முதல் எதிரி ஈரப்பதன். குளிசையிலுள்ள அலுமினா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உடைக்கும் விசையின் வாசிப்பும் மாறிப்போகும். 400 பாகை செல்சியஸில் 3 மணிநேரம் சூடாக்கி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகியிருந்தால் வேலை வீண். ஒரு மழைநாளில் மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனேன். அன்று எடுத்த வாசிப்புகள் எல்லாம் குப்பைக்குத்தான் போயின.

சரி, இனி சோதனை. அழகானதாகப் பார்த்துப் பொறுக்காமல், கலந்து பிரித்த மாதிரியிலிருந்து குறைந்தது 50 குளிசைகள் எடுங்கள். கையால் தொட வேண்டாம், இடுக்கி போதும். உருளை வடிவக் குளிசையை நசுக்கும் கருவியின் தட்டில் பக்கவாட்டில் படுக்கவைத்து, விசையை ஒரே சீராக ஏற்றி, உடையும் கணத்து உச்சத்தைக் குறியுங்கள்.

ஒவ்வொரு முறையும் தட்டைத் தூரிகையால் துடையுங்கள். பலர் இதைத்தான் சோம்பலில் விடுகிறார்கள். ஒரு துணுக்கு கிடந்தாலும் விசை அந்தப் புள்ளியில் குவிந்து, நல்ல குளிசையும் சீக்கிரம் உடைந்துவிடும்.

நீள இழைத் துண்டுகளென்றால் விசையை நீளத்தால் வகுத்து மில்லிமீற்றருக்கு எத்தனை நியூற்றன் என்று எழுதுங்கள். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். கலனுக்குள் முதலில் பொடியாவது பலவீனமானவைதான், ஆகவே மிகக் குறைந்த வாசிப்புகளையும் சேர்த்தே கொடுங்கள். நிக்கல் உள்ளதென்றால் முகக்கவசம் கட்டாயம், பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும்.