ஒளிராத எல்ஈடி: பிரெட்போர்டில் நான் கண்ட பிழை

கொழும்பில் நான் பயின்ற கல்லூரியின் ஆய்வுகூடத்தில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய 555 ஐசி (நேரக்கணிப்புச் சில்லு), 10 கிலோஓம், 68 கிலோஓம் தடையிகள், 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஆகியவற்றைக் கொண்டு, செக்கனுக்கு ஏறத்தாழ ஒருமுறை எல்ஈடி மின்னும் சுற்றொன்றை பிரெட்போர்டில் (உறுப்புகளைப் பற்றாசின்றிச் செருகி இணைக்கும் துளைப்பலகையில்) அமைத்தேன். எல்ஈடி ஒளிரவே இல்லை. ஐசியே பழுதென எண்ணி இரண்டு முறை மாற்றியது வீண் செலவாயிற்று. பின்னர் மல்டிமீற்றரின் கறுப்பு முனையை மின்வழங்கியின் மறை முனையில் வைத்து, சிவப்பு முனையைப் படிப்படியாக நகர்த்தியபோது, பலகை ஓரமாக மின்னைக் கொண்டுசெல்லும் துளை வரிசையின் தொடக்கத்தில் 5 வோல்ற்று இருந்தது. ஐசிக்கு மின் வழங்கும் எட்டாம் காலில் எதுவுமில்லை. நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் இந்த மின்வழங்கல் வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும் (அச்சிட்ட சிவப்புக் கோடும் அங்கே விடுபட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை). நேர், மறை வரிசைகள் இரண்டிலும் அந்த இடைவெளியைச் சிறு கம்பிகளால் இணைத்ததும் எல்ஈடி சீராக மின்னத் தொடங்கியது.