கடல்நீர் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய்: இரண்டு டப் வைத்து 13 நாளில் ஒட்டுண்ணியைக் கழற்றும் முறை

பங்குனியில் வாங்கிய பவுடர் ப்ளூ டாங் மீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் காட்பாடி வீட்டிலுள்ள என் 4 அடி தொட்டியில் நேராக விட்டேன். இந்த நோய் சீக்கிரம் பிடிக்கும் மீன்களில் அதுவும் ஒன்று. எட்டாம் நாள் அதன் துடுப்பில் உப்புத் தூள் தூவியது போலப் புள்ளிகள் தெரிந்தன. மூன்று நாளில் அவை தானாகவே மறைந்ததும் பிழைத்துவிட்டது என்று நிம்மதியானேன். அடுத்த வாரம் டாங்கோடு இரண்டு க்ளவுன் மீன்களுக்கும் சேர்த்து உடம்பெல்லாம் புள்ளி.

புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கிரிப்டோகாரியன் இர்ரிட்டன்ஸ் என்ற இந்த ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து மணலிலும் கல்லிலும் ஒட்டி, ஓடு போட்டுக்கொண்டு உள்ளே பலநூறாகப் பெருகும். குறைந்தது 3 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். சில ஓடுகள் திறக்கப் பல வாரம் ஆகும்.

நன்னீர் மீன் வளர்த்தவர்கள் ஹீட்டரைக் கூட்டி, கொஞ்சம் கல்லுப்பு போடும் வைத்தியம் இதற்குப் பலிக்காது. நன்னீரில் வரும் வெள்ளைப்புள்ளி வேறு உயிரி. பூண்டுச் சாறு மீனுக்குப் பசியைத் தூண்டலாம், ஒட்டுண்ணியைக் கொல்லாது. க்ளீனர் இறாலும் யூவி விளக்கும் தொட்டியைச் சுத்தமாக்கிவிடாது. இவற்றில் நான் 10 நாள் வீணாக்கினேன். நீங்கள் வீணாக்க வேண்டாம்.

முதலில் நோயைச் சரியாகப் பாருங்கள். புள்ளிகளை எண்ண முடிந்து, மீன் இன்னும் சாப்பிட்டால் இந்த முறை போதும். மாவு பூசியது போல மிக நுண்ணிய தூள், வேகமான மூச்சு, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவது, பம்ப் வேகத்துக்கு எதிரே போய் நிற்பது என்றால் அது வெல்வெட் என்ற வேறு ஒட்டுண்ணி நோய். அது இரண்டு மூன்று நாளில் மீனைக் கொல்லும், இந்த முறைக்கும் அடங்காது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேவையானவை: சோப்பே படாத 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் 2, ஏர் பம்ப் 2, மறைந்துகொள்ளப் பிவிசி எல்போ, அமோனியா டெஸ்ட் கிட், கடல்நீர் தொட்டிக்கான உப்பு, ஆர்ஓ தண்ணீர். ஒரு முறை நிரப்ப ஏறக்குறைய ஒன்றரை கிலோ உப்பு ஆகும். நான்கு முறை நிரப்ப 6 கிலோ எடுத்து வையுங்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை நம்பி உப்பு கலக்காதீர்கள். உப்பளவு பார்க்க முள் வைத்த ஹைட்ரோமீட்டர் வேண்டாம், ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முதல் நாள் எல்லா மீனையும் பிடித்தாக வேண்டும். புள்ளி இல்லாத மீன் என்று ஒன்றைக்கூட விடக்கூடாது. தண்ணீரைப் பாதியாக இறக்கி, கற்களை எடுத்துவிட்டு, இரவில் டார்ச் அடித்தால் தூங்கும் மீனைச் சுலபமாகப் பிடிக்கலாம். வலையை விட டப்பாவில் முகந்தால் தோல் உரியாது. பவளம், நத்தை, இறால் தொட்டியிலேயே இருக்கட்டும். டப்பிலுள்ள நீரின் வெப்பமும் உப்பளவும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும்.

4ஆம் நாள், அதாவது சரியாக 72 மணி நேரத்துக்குள், மீனை மட்டும் இரண்டாவது டப்புக்கு மாற்றுங்கள். பழைய நீர் ஒரு சொட்டும் கூடப் போகக் கூடாது. முதல் டப்பில் உதிர்ந்தவை ஓடு திறக்கும் முன்பே மீன் இடம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான் சூத்திரம். பழைய டப், குழாய், எல்போ எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் காயப்போடுங்கள். முழுக்கக் காய்ந்தால் ஒட்டுண்ணி உயிர் தப்பாது. இதற்கு வேலூர் வெயிலை விட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஏர் ஸ்டோனை மட்டும் மறுபடி போடாதீர்கள், அதன் துளைகளில் ஈரம் நிற்கும். 7ஆம் நாளும் 10ஆம் நாளும் இதேதான். 13ஆம் நாள் மீன் சுத்தமான தனித் தொட்டிக்குப் போகும்.

டப்பில் ஃபில்டர் இல்லாததால் தீனியைக் குறையுங்கள். அமோனியாவைத் தினமும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் செய்தால் டப் மேல் சின்ன மின்விசிறி வையுங்கள். நீர் ஆவியாகி உப்பு ஏறும், ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டுங்கள். மாதப் பராமரிப்பு மின்தடை நாளைத் தெரிந்துகொண்டு பேட்டரி ஏர் பம்ப் தயாராக வையுங்கள்.

இப்போது நான் தவறிய இடம். 13ஆம் நாள் தனித் தொட்டியை வைத்தபோது, பாக்டீரியா சீக்கிரம் வரட்டும் என்று பெரிய தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டியான சம்ப்பிலிருந்த பஞ்சை எடுத்து அதன் ஃபில்டரில் போட்டேன். நன்னீரில் எத்தனையோ வருடமாகச் செய்துவந்த பழக்கம். அந்தப் பஞ்சு நோயுள்ள தொட்டியின் பஞ்சு என்பது அப்போது மனத்தில் படவே இல்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் புள்ளி திரும்பியது. க்ளவுன் இரண்டும் தாங்கின, டாங் தாங்கவில்லை. அந்த நீல மீன் தரையில் சாய்ந்து கிடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. முதல் நாளிலிருந்து டப் மாற்றத்தைத் திரும்பச் செய்தேன்.

ஆகவே, முதல் நாளே தனித் தொட்டியில் புதுப் பஞ்சு போட்டு, பாட்டில் பாக்டீரியாவும் ஒரு சிட்டிகை தீனியும் இட்டு ஓட விடுங்கள். 13ஆம் நாள் அமோனியா பூஜ்யமா என்று பார்த்துவிட்டு மீனை விடுங்கள். இன்னும் ஏறினால் பாதி நீரை மாற்றி மாற்றிச் சமாளியுங்கள். பெரிய தொட்டியில் நனைந்த கை, வலை, குழாய் எதுவும் இங்கே வரக் கூடாது. இரண்டையும் வெவ்வேறு அறையில் வைப்பது நல்லது.

சில ஓடுகள் தாமதமாகத் திறக்கும் என்பதால் பெரிய தொட்டி 76 நாள் மீனே இல்லாமல் இருக்க வேண்டும். கடைசி மீன் வெளியேறிய நாளிலிருந்து எண்ணுங்கள். இடையில் ஒரு மீன் விட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. இறாலுக்கும் பவளத்துக்கும் வழக்கம் போலக் கொஞ்சம் தீனி போடுங்கள்.

பின்சேர்க்கை: ஆரணியிலிருந்து ஒருவர், டப் மாற்றியும் இரண்டே நாளில் மீன்கள் போய்விட்டன என்று எழுதினார். படத்தைப் பார்த்தால் வெல்வெட். அதற்குத் தனித் தொட்டியில் காப்பர் (செம்பு) மருந்துதான் வழி. குப்ரமைன் என்ற மருந்தானால் நீரில் காப்பர் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், காப்பர் பவர் என்ற மருந்தானால் 2.5 மில்லிகிராம். இரண்டின் அளவையும் குழப்பாதீர்கள். அளக்க ஹன்னா செக்கர் என்ற டிஜிட்டல் கருவி வாங்குவதையே சொல்வேன், வண்ண அட்டையைப் பார்த்து ஊகிப்பதில் மீன் சாகும். தொட்டியிலுள்ள லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கல்) காப்பரை உறிஞ்சும், இறாலும் பவளமும் செத்துவிடும். அதனால் பெரிய தொட்டியில் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். காப்பர் உள்ள நீரில் அமோனியாவைக் கட்டும் மருந்தையும் சேர்க்காதீர்கள்.

இன்னொருவர், 76 நாள் முடிந்ததும் புதிதாக வாங்கிய நத்தையை உடனே போடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. அதற்கு நோய் வராது, ஆனால் அதன் ஓட்டில் ஒட்டுண்ணி ஒட்டிக்கொண்டு வரலாம். அதையும் மீனில்லாத தனி டப்பில் அதே 76 நாள் வைத்திருந்துதான் நான் விடுகிறேன்.