"ரெண்டு கல்லைத்தானே நகர்த்தினோம்?" மலையோடைத் தவளை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

மாஞ்சோலையைத் தாண்டிக் காக்காச்சி போகும் வழியில் ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஓடை இறங்குகிறது. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. மழை ஓய்ந்த ஒரு நாள் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வேனில் வந்த ஒரு குடும்பம் இறங்கியது. பையன்கள் இரண்டு பேரும் ஓடைக்குள் குதித்து, கல்லைப் பொறுக்கி வரிசையாக அடுக்கி அணை கட்ட ஆரம்பித்தார்கள். கரையில் ஒரு தவளை துள்ளியது. "ஏலேய், தவக்களையைத் தொட்டிராத, கையில மரு வரும்!" என்று அம்மா சத்தம் போட்டார். பையன் நல்ல பிள்ளை, தொடவில்லை. அணையை மட்டும் கட்டினான்.

மரு வைரஸால் வருவது, தவளையால் அல்ல. அது கிடக்கட்டும். தொட்டிருந்தால் தவளைக்கு வந்திருக்கும் தொல்லையைவிட, அந்தக் கற்களை எடுத்ததால் வந்த சேதம்தான் அதிகம். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பக மலைக்கு வருகிறவர்களில் தவளையை வேண்டுமென்றே துன்புறுத்துகிறவர்கள் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் அதன் வீடு எது என்று தெரியாமல் அதன்மேல் ஏறி நடக்கிறோம், துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம்.

வயல்காட்டுத் தவளையை மனதில் வைத்துக்கொண்டு மலைத்தவளையை எடைபோடுவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வயலிலும் குளத்திலும் கத்துகிற தவளை முரட்டு ஆசாமி. சூடான தண்ணீர், சேறு எதுவானாலும் சமாளித்துக்கொள்ளும். குளம் வற்றினால் சில வகைகள் மண்ணுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். ஓடைத் தவளைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நிழல், குளிர்ந்து ஓடும் தண்ணீர், ஈரம் காயாத பாறை எல்லாமே வேண்டும். நம் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தாமிரபரணிக்கு மேலே உள்ள தலையோடைகள் வருஷத்தில் பெரும்பகுதி ஓடுவது அதனால்தான். அந்த ஓட்டத்தை நம்பி வாழ்கிற தவளைகள் இங்கே பல. களக்காட்டின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கிற ஒரு தவளைகூட உண்டு: ராக்கோபோரஸ் கல்காடென்சிஸ். 1927-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். மரத்திலிருந்து சறுக்கிப் பறந்து இறங்குகிற வகை அது. நான் இங்கே பேசப்போவது ஓடையையும் அதன் ஈரத்தையும் நம்பிப் பெருகுகிற மற்ற மூன்று வகைகளைப் பற்றி.

"சும்மா ரெண்டு கல்லை நகர்த்தினோம்"

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நடனத் தவளை என்று ஒரு வகை. மைக்ரிக்சாலஸ் என்பது அறிவியல் பெயர். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. பெரும்பாலானவை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், சருகு நிறத்தில் இருக்கும். 2014-ல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவர் குழுவும் ஒரே கட்டுரையில் 14 புதிய இனங்களை விவரித்தார்கள். அதோடு மொத்தம் 24 ஆயிற்று. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு வாய் மட்டும் போதாது. ஓடை இரைகிற இரைச்சலில் அது கத்துவது பக்கத்துக் கல்லுக்குக்கூடக் கேட்காது. அதனால் ஆண் தவளை ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களுக்கு நடுவே உள்ள வெளிறிய சவ்வை விரித்துக் காட்டும். பெண்ணுக்கு அது அழைப்பு, இன்னோர் ஆணுக்கு எச்சரிக்கை. ஆக, அந்தக் கல் அதற்கு மேடை. அதை எடுத்து அணையில் வைத்துவிட்டால் மேடை போயிற்று.

மேடை போவதுகூடச் சின்ன விஷயம். முட்டை எங்கே போகிறது என்பதைக் கேளுங்கள். பெண் தவளை தன் பின்னங்கால்களால் ஓடையின் அடியில் உள்ள சரளையைக் கிளறிக் குழி தோண்டி, அதில் முட்டையிட்டு மூடுவதை அந்த 2014 ஆய்வில் பதிவுசெய்திருக்கிறார்கள். குஞ்சு பொரித்து வருகிற தலைப்பிரட்டை எங்கே போகிறது என்பது ரொம்ப நாள் யாருக்கும் பிடிபடவில்லை. 2016-ல்தான் விடை கிடைத்தது: மணலுக்குள். விலாங்கு மாதிரி நீண்ட, பலமான உடம்பு. கண்ணின்மேல் தோல் மூடியிருக்கும். குடலில் மணல். தண்ணீரில் நீந்தித் திரிய வேண்டிய தலைப்பிரட்டை, ஓடைப் படுகைக்குள் துளைத்துக்கொண்டு வளர்கிறது.

இப்போது அந்தப் பையன் ஒரு கல்லைப் புரட்டுவதை நினைத்துப் பாருங்கள். கல்லுக்கு அடியிலிருந்து கலங்கல் ஒரு சின்னப் புகை மாதிரி எழும்பிக் கீழே போகிறது. பார்க்க அழகாகக்கூட இருக்கும். அது ஒரு கூட்டின் கூரை கழன்று போவதாகவும் இருக்கலாம். அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் வண்டல் படிந்து சரளையின் இடுக்குகளை அடைக்கும். அணைக்குக் கீழே ஓட்டம் மெலிந்து கல் காயும். வெள்ளம் தணிந்து ஓடை தெளிந்து ஓடுகிற நாட்கள்தான் நடனத் தவளைக்கு வசதியான காலம். நமக்கும் அதுதான் சுற்றுலாக் காலம், என்ன செய்ய!

நானும் யோக்கியன் இல்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தவளை தேடுகிறேன் என்று கல்லைக் கல்லாகப் புரட்டிப்போட்டுக்கொண்டே ஏறியிருக்கிறேன். அடுத்த மாதம் அதே ஓடைக்குப் போனபோது, புரட்டின கற்கள் எல்லாம் ஈர வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு வெளுத்துக் கிடந்தன. அதற்கப்புறம் கல்லைத் தொடுவதில்லை. தப்பித்தவறி ஒன்று புரண்டுவிட்டால், இருந்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே மெதுவாக வைத்துவிடுவேன்.

"பாறையில்தானே கழுவினோம், தண்ணீரில் இல்லையே"

கட்டுச்சோறு முடிந்ததும் எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போகிறவர்கள் சொல்லும் சமாதானம் இது. கொஞ்சம் யோசித்துத்தான் செய்கிறார்கள், ஓடும் தண்ணீரில் சோப்பு கலக்கக் கூடாது என்று. ஆனால் ஓரத்துப் பாறையும் ஒரு தவளையின் தொட்டில்தான்.

இண்டிரானா என்ற வகையின் தலைப்பிரட்டை, பாறைமேல் கசிந்து வழிகிற மெல்லிய ஈரத்தில் வாழ்கிறது. கண்ணாடிமேல் மூச்சுவிட்டால் படிகிற ஈரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். பின்னங்கால் சீக்கிரமே முளைத்துவிடும். நீளமான வால். கிட்டே போனால் வாலைச் சுண்டித் துள்ளிப் பாறையிலேயே இடம் மாறும். முதல்முறை பார்க்கிறவர்கள் பூச்சி என்றுதான் நினைப்பார்கள். பாத்திரம் தேய்க்கிற பொடியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த ஈரப்படலத்தில் இறங்கினால் கலந்து நீர்த்துப்போக அங்கே தண்ணீர் ஏது? வழுக்காமல் இருக்கட்டும் என்று பாசியைத் தேய்த்து எடுப்பதும் இதே தவறுதான். அது அதன் சாப்பாடு.

பாபநாசத்தில் பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடுகிறார்களே, அதைப் பற்றி ஊரே பேசுகிறது, பேசவும் வேண்டும். அது ஆறு. மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சுற்றியோ, தலையணையிலோ, திருக்குறுங்குடி நம்பி கோயில் வழியிலோ ஒரு சிற்றோடையில் ஒரே ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பிரிப்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

"செடியைத்தான் ஒதுக்கினேன்"

இரவுத் தவளைகளில் பல, தண்ணீருக்கு மேலே தொங்குகிற இலையிலோ பாறை முகத்திலோ முட்டையிடும். பொரித்ததும் தலைப்பிரட்டை நேராகக் கீழே ஓடைக்குள் சொட்டும். செல்ஃபிக்கு மறைக்கிறது என்று ஓரத்துச் செடியை ஒடித்தால், அல்லது இழுத்து வேறு பக்கம் கட்டினால், சொட்டுகிற இடம் தரையாகிவிடும்.

2017-ல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஏழு புதிய இரவுத் தவளைகளை விவரித்தார்கள். அதில் நான்கு, 16 மில்லிமீட்டருக்குள் அடங்குகிற பொடிசுகள். ஐந்து ரூபாய்க் காசின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிற படம் பத்திரிகைகளில் வந்தது. அன்றிலிருந்து காசை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆய்வாளர்கள் அனுமதி வாங்கி, எப்படிக் கையாள்வது என்று தெரிந்து செய்கிற வேலை அது. நமக்கு எதற்குக் காசு? பக்கத்தில் கிடக்கிற சருகே அளவு சொல்லும்.

இன்னொன்று, பெயர் சொல்கிற அவசரம். ஒரே இனத்திலேயே நிறம் மாறும். வேறு வேறு இனங்கள் ஒரே மாதிரி இருக்கும். மரபணுவையும் குரலையும் வைத்துத்தான் பலவற்றைப் பிரித்திருக்கிறார்கள். செல்போன் படத்தை வைத்து "புது இனம்" என்று போடுவதைவிட, "ஏதோ ஒரு இரவுத் தவளை" என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை. ஓடையின் இருப்பிடத்தைப் படத்தோடு போடாதீர்கள். அடுத்த ஞாயிறு அங்கே நாலு வேன் நிற்கும்.

அட்டைக்குப் போட்டது தவளைக்கும் போகும்

மழைக்காலத்தில் மேலே ஏறினால் அட்டை. கால் முழுக்க உப்பு, மூக்குப்பொடி, டெட்டால், வேப்பெண்ணெய் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம். தப்பில்லை, அட்டை கடித்தவனுக்குத்தான் தெரியும் அந்த அரிப்பு. அதே காலோடு ஓடைக்குள் இறங்குவதுதான் தப்பு. தவளை தண்ணீர் குடிப்பது தோலால், மூச்சில் ஒரு பங்கும் தோலால். உப்பும் புகையிலைத் தூளும் கொசு மருந்தும் அதன் உடம்புக்குள் போக வாய் வழியாகப் போக வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த எளிய வழி: கணுக்காலுக்கு மேலே வரும் துணி உறையைக் கட்டிக்கொள்வது. மருந்து போட்டே ஆக வேண்டுமென்றால் ஓடையைக் கல்மேல் கால் வைத்துத் தாண்டாமல் பாலம் இருக்கிற இடத்தில் தாண்டுங்கள்.

பூட்ஸையும் ஊரிலேயே சேறு போகக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். தவளைத் தோலில் பிடிக்கிற கைட்ரிட் என்ற பூஞ்சை உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். ஈரச் சேற்றோடு மலைக்கு மலை அது பயணம் போகும்.

தலைப்பிரட்டையைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோவது அநேகமாகச் சாகடிப்பதுதான். ஓடும் தண்ணீர் இல்லாமல் அது தாங்காது. புலிகள் காப்பகத்துக்குள் அது 1972 வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும்கூட. கொசுவை ஒழிக்கிறேன் என்று கம்பூசியா மீனை ஓடையில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மீன் தலைப்பிரட்டையையும் தின்னும்.

ராத்திரி ஓடைக்குள் டார்ச்சோடு இறங்கினால்தான் தவளை தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதி இல்லாமல் அது கூடவும் கூடாது, யானை நடமாடும் காடு. நடனத் தவளை பகலிலேயே ஆடும். ரோட்டோரத்திலிருந்தே பார்க்கலாம். ஓடைக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்கு வெளியே தலைகாட்டுகிற ஈரக் கற்களை மட்டும் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது.

அன்றைக்கு அந்தப் பையன்களிடம் இதைத்தான் சொன்னேன். பெரியவனுக்கு அணையைக் கலைக்க மனசே இல்லை. முனகிக்கொண்டே கல்லை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். பாதி வேறு இடத்தில்தான் வைத்தான். அப்புறம் மூன்று பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்தோம். அம்மா வேனுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சின்னவன்தான் முதலில் பார்த்தான்.

"எண்ணே, அந்தா, காலை நீட்டுது பாரு!"