இனவசைக்குப் புகார் கொடுக்கிறீர்களா? கேட்ட சொல்லை அப்படியே சொல்லுங்கள்

என் மாமியாருக்கு வயது 71. ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாழைப்பூவும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஈசூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு மலாயில் ஒரு வரி சொன்னார். அதில் இந்தியர்களை இழிவாகச் சொல்லும் 'கிளிங்' என்ற வசையும் இருந்தது. எழுந்து பின்னால் போ என்று சொல்லி, அத்தையின் பையைக் காலால் தள்ளினார். அத்தைக்கு ஆங்கிலம் வராது, ஆனால் மலாய் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் காவல் நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அத்தை தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தச் சொல் வந்த இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. "ஒருவர் இவரைத் திட்டினார்" என்று முடித்துவிட்டேன். அதிகாரி அப்படியே பதிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார், "அவன் சொன்னதைச் சொன்னியாம்மா?" நான் சொல்லவில்லை.

அந்தச் சொல் விடுபட்டால் புகாரில் மிஞ்சுவது பேருந்தில் நடந்த ஒரு சச்சரவுதான். ஒருவருடைய இன உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே பேசுவது சிங்கப்பூரில் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை விதிக்க இடமுண்டு. அடிதடி போன்ற சில குற்றங்களில் இனப்பகையும் சேர்ந்திருந்தால், வழக்கமான உச்ச தண்டனையைப் போல் ஒன்றரை மடங்குவரை நீதிமன்றம் விதிக்கலாம். 2021 மே மாதம் சுவா சூ காங்கில் வேகநடை போன ஓர் இந்திய மாதை ஒருவர் முகக்கவசம் பற்றிப் பேசி, இனத்தைச் சொல்லித் திட்டி, மார்பில் உதைத்தார். 2023-இல் அவருக்கு மூன்று வாரச் சிறை. உதைத்ததற்கு மட்டுமல்ல, சொன்ன சொற்களுக்கும் சேர்த்துத்தான் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது.

அதனால் முதல் வேலை எழுதிவைப்பது. அழுகை அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேட்டது மலாயோ, ஹொக்கியனோ, ஆங்கிலமோ, காதில் விழுந்தபடி தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். எழுத வராதவர் கைப்பேசியில் குரலாகப் பதிந்து வைக்கலாம். பேருந்து என்றால் சேவை எண், முடிந்தால் வண்டிப் பதிவெண், ஏறிய நிறுத்தம், நேரம். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக் என்றால் எந்த மின்தூக்கி, எந்த மாடி. கேமராப் பதிவைத் தேட காவல்துறைக்கு இவைதான் வழி. பதிவுகள் நெடுநாள் இருக்கும் என்று நம்பித் தள்ளிப்போடாதீர்கள். அடிபட்டிருந்தால் அன்றைக்கே பலதுறை மருந்தகத்துக்குப் போய், எப்படி அடிபட்டது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அது குறிப்பில் ஏறும்.

காணொளி எடுத்திருந்தால் ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். ஆத்திரம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் இங்கே குற்றம். அதைக் காவல்துறையிடம் கொடுங்கள்.

ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999. வாய் திறந்து பேச முடியாத இடத்தில் இருந்தால் 70999-க்குக் குறுஞ்செய்தி. மற்றபடி எந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளக் கணக்கை வைத்து இணையத்திலும் கொடுக்கலாம்தான், ஆனால் ஆங்கிலம் வராதவர் நேரில் போவதே நல்லது என்பேன். முகப்பில் நின்றதும் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்: "ஐ வான்ட் தமிழ் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்." தயங்க எதுவும் இல்லை, தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் உட்காரட்டும், கையைப் பிடித்துக்கொள்ளட்டும், மொழிபெயர்க்க வேண்டாம். பாசமும் கூச்சமும் சேர்ந்து என்ன செய்யும் என்று நான் பார்த்துவிட்டேன்.

விசாரணையில் வாக்குமூலம் எடுத்தால் அதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தப்பு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். புகார் எண்ணையும் ஐஓ எனப்படும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

ஒர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பிகள் பலர் "முதலாளிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தோடு தனியாக இருக்க வேண்டாம் தம்பி. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. எடுத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தால், துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அதற்கென்றே 2021 ஜூனில் தனி நீதிமன்றம் வந்தது. வழக்கறிஞர் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், அவசரமென்றால் இடைக்கால ஆணையும் உண்டு. தமிழில் வந்த வாட்ஸ்அப் செய்திகளை ஆதாரமாகக் காட்டினால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். ஹேவ்லாக் ஸ்குவேரில் அரசு நீதிமன்றக் கட்டடத்திலேயே சமூக நீதி நிலையம் இருக்கிறது. படிவத்தில் திணறினால் அங்கே கேளுங்கள்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாள் கழித்து மறுபடியும் போனோம். இந்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார், நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அத்தை அந்தச் சொல்லைத் தயங்காமல், தெளிவாக, இரண்டு முறை சொன்னார். பிறகு வாசித்துக் காட்டும்போது ஓரிடத்தில் நிறுத்தினார். "கையால் தள்ளவில்லை தம்பி, காலால்." திருத்தினார்கள். அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தமிழில் கையெழுத்திட்டார்.